எப்போதாவது என்னும் சமாதானம்: வெயிற்குளியல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன் செயலுக்குத் தானே நீதிபதியாக அமரும்போது அவனுக்கு மிகுதியும் கைகொடுக்கும் சொல் ஒன்று உண்டு. ‘எப்போதாவது’ என்பதே அச்சொல். எப்போதாவது புகைப்பவன் தன்னைப் புகைப்பவனாகக் கருதுவதில்லை. எப்போதாவது குடிப்பவன் குடிகாரர் வரிசையில் தன்னைச் சேர்ப்பதில்லை. எப்போதாவது பொய்யுரைப்பவனும் தன்னை மெய்யன் என்றே எண்ணிக்கொள்கிறான். ஒரு செயல் அரிதாக நிகழுமாயின் அதன் தீமையும் அற்பமானதே என்பது இவர்கள் யாவரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டுள்ள கோட்பாடாகும். இக்கோட்பாடு எத்துணை வலிமையுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட செயலோ பார்வைக்கு மிக எளியது. அதனைச் செய்வோர் அயலார் எவருக்கும் ஊறு செய்வதில்லை. எந்நாட்டுச் சட்டமும் அதனைத் தடுப்பதில்லை. மேனியின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் பொருட்டு எப்போதாவது வெயிலிற் கிடப்பதே அது. இத்துணைச் சிறியதொரு செயலில் அறவியற் சிக்கல் என்ன இருக்க முடியும் என ஐயுறுவோர் சற்றுப் பொறுத்திருக்குமாறு வேண்டுகின்றேன். பெருங்குற்றங்களை ஆராயும்போது நாம் நம்மை அவற்றுக்குப் புறத்தே நிறுத்திக்கொள்கிறோம். சிறிய செயல்களை ஆராயும்போதுதான் நமது நியாயங்களின் உண்மையான எடை நமக்குத் தெரியவருகிறது.

நிழல் தேடும் நாட்டிற் பிறந்த எமக்கு வெயிலைத் தேடிச் சென்று அதிற் கிடப்பது விந்தையாகவே தோன்றும். இக்கடுவையிலும் அறுகம்பையிலும் நிலாவெளியிலும் நடுப்பகலில் மணற்பரப்பிற் கிடக்கும் மேலைநாட்டு விருந்தினரைக் கண்டு நம்மவர் நகைப்பதுண்டு. ஆயினும் நகைப்பதற்கு நமக்கு உரிமை குறைவு. வெண்தோலர் தம் மேனியைக் கருக்கிக்கொள்ள முயல்வது போலவே, கருந்தோலருள் ஒரு சாரார் தம் மேனியை வெளுப்பித்துக்கொள்ள முயல்கின்றனர். அதற்கென விற்கப்படும் களிம்புகளுட் சிலவற்றிற் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. திசைகள் எதிரெதிரானவை; நோயின் வேர் ஒன்றே. தோலின் நிறத்தைக் கொண்டு மனிதனின் தரத்தை அளக்கும் பழக்கமே அவ்வேராகும்.

இப்பழக்கத்துக்குச் சமூக வரலாறு உண்டு. ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுகளாக வெளிறிய தோலே உயர்குடிச் சின்னமாக மதிக்கப்பட்டது. வயலில் உழைப்போரின் முகம் கறுத்திருந்தது. மாளிகையில் வாழ்வோரின் முகம் வெளுத்திருந்தது. கைத்தொழிற் புரட்சியின் பின் உழைப்பாளி வயலை விட்டுத் தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் சென்றான். வெளிறிய முகம் இப்போது வறுமையின் முகமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் மருத்துவமும் வெயிலுக்குப் புகழ் சேர்த்தது. தோலைப் பற்றும் காசநோயை ஒளிக்கதிர்களாற் குணப்படுத்த முயன்ற டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் பின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் ஒகுஸ்ற் றொலியே என்பவர் சுவிற்சர்லாந்தின் லேசின் என்னும் மலையூரிற் காசநோயாளருக்கு வெயிற்சிகிச்சை நிலையத்தை அமைத்தார். 1920களில், கடற்கரைக்குச் சென்று ஓய்ந்திருக்கும் வசதியுடையோரின் அடையாளமாக வெயிலிற் கறுத்த மேனி நாகரிகமாயிற்று. பின்னர் மலிவான விமானப் பயணம் வந்தபோது, மேல்வர்க்கத்தின் சின்னம் நடுத்தர வர்க்கத்துக்கும் உழைக்கும் வர்க்கத்துக்கும் எட்டும் பண்டமாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘எப்போதாவது வெயிலிற் கிடத்தல்’ என்பது இயற்கை வகுத்த முறையன்று. ஆண்டில் ஐம்பது வாரங்கள் கூரையின் கீழ் உழைத்துவிட்டு, எஞ்சிய இரண்டு வாரங்களில் முழு ஆண்டின் வெயிலையும் அள்ளிக்கொள்ள முயலும் மனிதன், நவீன தொழில் அமைப்பு உருவாக்கிய மனிதனாவான். அவனுடைய ஓய்வு அவனுக்கு அளந்து கொடுக்கப்பட்டது. அளந்து கொடுக்கப்பட்டதை வீணாக்காமல் நுகர வேண்டும் என்னும் அவசரமும் அதனுடன் சேர்ந்தே கொடுக்கப்பட்டது. ஆதலின், அவனை வெறும் அழகுப்பித்தன் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

இனி, வெயில் தோலில் என்ன செய்கின்றது என்பதை நோக்குவோம். சூரிய ஒளியிற் கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர்களும் அடங்கியுள்ளன. இவை தோலின் கலங்களிலுள்ள டீ.என்.ஏ. எனப்படும் பரம்பரைப் பொருளைத் தாக்கி, அதன் அடுத்தடுத்த கூறுகளைப் பிழையாகப் பிணைத்துவிடுகின்றன. கலம் இப்பிழைகளைத் திருத்த முயல்கிறது. திருத்தப்படாத பிழைகள் எஞ்சிச் சேர்வதே புற்றுநோயின் தொடக்கமாகும். இத்தாக்குதலை உணர்ந்த தோல், மெலனின் என்னும் கருநிறப் பொருளைக் கூடுதலாக உண்டாக்கிக் கலத்தின் கருவைக் காக்க முற்படுகிறது. அழகு என்றும் ஆரோக்கியம் என்றும் போற்றப்படும் அந்தப் பொன்னிறம் இவ்வாறுதான் தோன்றுகிறது. அஃது ஊறுபட்ட உடல் எழுப்பிய அரண். ஊறு நேர்ந்தது என்பதற்கான சாட்சியமுமாகும். அவ்வரணும் உறுதியானதன்று. வெண்தோலர் வெயிலிற் கிடந்து பெறும் நிறம் தரும் பாதுகாப்பு, வெயிற்காப்புக் களிம்புகளை அளக்கும் அளவுகோலில் மூன்று அல்லது நான்கு என்னும் அளவினதே. களிம்புகளுக்கோ முப்பதும் அதற்கு மேலும் பரிந்துரைக்கப்படுகின்றன. நிறம் தரும் கலங்களில் டீ.என்.ஏ. ஊறு, வெயிலை விட்டு நிழலுக்கு வந்த பின்னும் மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகத் தொடர்ந்து உண்டாவதை 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. செயல் முடிந்தது என நாம் எழுந்து சென்ற பின்னும் அச்செயல் நம்முள் முடியாதிருக்கிறது.

இவ்வறிவு ஒரே நாளிற் கிடைத்ததன்று. நெடுங்காலம் கடலில் உழைத்த மாலுமிகளின் தோலில் ஏற்படும் மாற்றங்களை ஜேர்மனிய மருத்துவர் உன்னா 1894இல் விவரித்தார். கழியூதாக் கதிர்கள் எலிகளிற் தோற்புற்றுநோயை உண்டாக்குவதை 1928இற் பின்ட்லே நிறுவினார். ஐரோப்பிய வழித்தோன்றல்களிடையே மெலனோமா என்னும் கொடிய தோற்புற்றினால் ஏற்படும் மரணங்கள் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கூடுகின்றன என்பதை அவுஸ்திரேலியப் புள்ளிவிவர அறிஞர் லங்காஸ்ரர் 1956இல் எடுத்துக்காட்டினார். அந்நாட்டில் இது காணப்பட்டதில் வியப்பில்லை. பிரித்தானியத் தீவுகளின் மங்கிய ஒளிக்கு இசைந்த தோலையுடைய மக்கள் அங்குச் சென்று குடியேறினர். அங்கோ வெயில் கடுமையானது. கடற்கரை வாழ்வோ தேசியப் பெருமையாயிற்று. இன்று அவுஸ்திரேலியரில் ஏறத்தாழ மூவருள் இருவருக்கு எழுபது வயதை அடைவதற்குள் ஏதேனும் ஒருவகைத் தோற்புற்று கண்டறியப்படும் என அங்குள்ள புற்றுநோய்த் தடுப்பு நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை எளிதில் அகற்றத்தக்கவை. மெலனோமா அத்தகையதன்று. காலந்தாழ்த்திக் கண்டறியப்படின் அஃது உயிரைக் கொள்ளும்.

நமது வினாவின் திருப்புமுனை இவ்விடத்திலேதான் உள்ளது. வெயில் தீங்கு செய்யுமாயின், நாள்தோறும் வெயிலில் நிற்பவனுக்கே மிகுந்த தீங்கும், எப்போதாவது நிற்பவனுக்குச் சிறிய தீங்கும் விளைய வேண்டும் என நாம் எதிர்பார்ப்போம். தோற்புற்றின் ஒரு வகையைப் பொறுத்தவரை இவ்வெதிர்பார்ப்பு பெரிதும் சரியானதே. செதிட்கலப் புற்று எனப்படுவது வாழ்நாள் முழுவதும் சேர்ந்த வெயிலின் அளவோடு ஒட்டி நடக்கிறது. உழவரும் மீனவரும் வீதியமைப்போரும் இதற்கு ஆளாகின்றனர். ஆனால் மெலனோமா இக்கணக்குக்கு அடங்கவில்லை. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2005இல் வெளியான பகுப்பாய்வொன்றின்படி, இடைவிட்டு வெயிலிற் காய்வோருக்கு மெலனோமா ஏற்படும் இடர், ஏனையோரிலும் 1.61 மடங்காக இருந்தது. தோல் சிவந்து வெந்துபோன அனுபவம் உடையோருக்கு அது 2.03 மடங்கு. தொழிலின் நிமித்தம் இடையறாது வெயிலில் நிற்போருக்கோ 0.95 மடங்கு மட்டுமே. அஃதாவது, அவர்களிடையே இடர் கூடியதாகக் காணப்படவில்லை. நாள்தோறும் வெயில்படும் தோல் தடித்தும் கறுத்தும் ஓரளவு தன்னை இசைவாக்கிக்கொள்கிறது, ஆயத்தமில்லாத தோலோ திடீரெனப் பெருந்தாக்குதலுக்கு உள்ளாகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

இதன் பொருளை நாம் நன்கு உணர்தல் வேண்டும். ‘எப்போதாவதுதானே’ என்று சொல்பவன் தன் செயலின் தீமையைக் குறைக்கும் ஒரு பண்பைச் சுட்டுவதாக எண்ணுகிறான். உண்மையில் அவன் சுட்டுவது அதன் தீமையைக் கூட்டும் பண்பையே. அவன் முன்வைக்கும் சமாதானமே அவனுக்கு எதிரான சாட்சியமாகிவிடுகிறது. முப்பது பனடோல் வில்லைகளை நாளுக்கு ஒன்றாக முப்பது நாட்களில் உட்கொள்பவனையும், அம்முப்பதையும் ஒரே நாளில் உட்கொண்டுவிட்டு ‘மாதத்தில் ஒருநாள் மட்டுமே மருந்து எடுக்கிறேன்’ என்பவனையும் எண்ணிப் பார்க்கலாம். இருவரும் உட்கொண்ட தொகை ஒன்றே. நாட்களை மட்டும் எண்ணினாற் பின்னவனே கட்டுப்பாடு மிக்கவன். ஆயினும் ஆபத்து அவனுக்கே. நிகழ்ச்சி அரிது என்பதும் தீங்கு சிறிது என்பதும் இருவேறு கூற்றுகள். முன்னதிலிருந்து பின்னதை நாம் எளிதாக வருவித்துக்கொள்கிறோம். அந்த அனுமானம் தருக்கத்தில் நிலைபெறாது.

இவ்விடத்தில் ஒரு நேர்மையான எச்சரிக்கையும் வேண்டும். மேற்கூறிய எண்கள் ஒப்பீட்டு இடரைக் குறிப்பன. சிறியதொரு நிகழ்தகவு இருமடங்கானாலும் அது சிறியதாகவே இருக்கலாம். ஒருநாள் வெயிலிற் கிடந்தவன் புற்றுநோயால் மடிவான் என்று கூறுதல் பொய்யாகும். பெரும்பாலானோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. அப்படியாயின், ஒவ்வொரு தனிச் செயலும் தன்னளவிற் குற்றமற்றது என வாதிடலாகாதா? கிரேக்க மெய்யியலாளரான மிலேற்றசு நகர் யூபுலிடீசின் பெயரால் வழங்கும் தானியக் குவியற் புதிர் இவ்வாதத்தின் தன்மையை விளக்க வல்லது. ஒரு மணி தானியம் குவியலாகாது. இன்னொரு மணியைச் சேர்ப்பதாலும் குவியலல்லாதது குவியலாகிவிடாது. ஆகவே எத்தனை மணிகளைச் சேர்த்தாலும் குவியல் உண்டாகாது என்பது அப்புதிர். குவியல்கள் உலகில் உள்ளன என்பதோ கண்கூடு. ஒரு கடற்கரைப் பகல் ஒன்றும் செய்யாது, இன்னொரு பகலும் ஒன்றும் செய்யாது என்று எண்ணுபவன் யூபுலிடீசின் மாணவன். தான் செய்வதை அவன் ஒவ்வொரு முறையும் தனிச் செயலாகவே காண்கிறான். அவனுடைய தோலோ அவற்றை ஒரே கணக்கில் எழுதி வைக்கிறது.

இரண்டாவது சமாதானம் இதனிலும் வலியது. ‘உடல் என்னுடையது, இடரும் என்னுடையது, இதிற் பிறருக்கு என்ன வேலை?’ என்பது அது. யோன் ஸ்ருவாட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூல் இதற்கு அரண் செய்வது. தன்னை மட்டுமே சார்ந்த செய்கைகளில் மனிதன் தனக்குத் தானே இறைமையுடையவன் என்பது மில்லின் நிலைப்பாடு. பழுதடைந்த பாலமொன்றைக் கடக்க முற்படும் மனிதனை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். பாலத்தின் நிலையை அறியாதவனை எச்சரிக்க நேரமில்லையாயிற் பிடித்து நிறுத்தலாம். விழுவது உறுதியன்று, இடர் மட்டுமே உண்டு என்னும் நிலையில், அறிந்த ஒருவனை எச்சரிக்கலாமேயன்றி வலிந்து தடுத்தல் ஆகாது என்பது அவர் கருத்து. வெயிற்குளியல் உறுதியற்ற இடரே. ஆதலின் அரசு கடற்கரையிற் காவலரை நிறுத்தி மக்களை நிழலுக்கு விரட்டுதல் தகாது என்பதை நாம் ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனால் பிறர் தடுக்கலாகாது என்பதிலிருந்து, அதைச் செய்வது சரி என்பது பெறப்படுமா? சட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் அறத்தின் எல்லை முடிந்துவிடுவதில்லை. ‘இடர் என்னுடையது’ என்னும் கூற்றில் வரும் ‘நான்’ யார் என்னும் வினாவும் எஞ்சியிருக்கிறது. இன்ப நாட்டம் பற்றி ஆராய்ந்த சிட்விக், 1874இல் வெளியிட்ட தம் அறவியல் நூலில், நிகழ்கால இன்பத்தை நான் எனது எதிர்காலத்தின் பொருட்டு ஏன் துறக்க வேண்டும் என்னும் வினாவை எழுப்பினார். அதே வினாவை 1984இல் டெரெக் பார்பிற் மேலும் கூர்மையாக்கினார். ஐம்பது ஆண்டுகளின் பின் பெருந்துன்பம் தரக்கூடும் என்பதை அறிந்தும், அதைப் பொருட்படுத்தாது புகைக்கத் தொடங்கும் சிறுவன் ஒருவனை அவர் எடுத்துக்காட்டினார். அச்சிறுவனுக்கும் அவனே ஆகப்போகும் முதியவனுக்கும் இடையிலான உளத்தொடர்பு மிக மெலிந்தது. ஆகவே நம் எதிர்கால வடிவத்தை ஏறத்தாழ வேறொருவராகவே கருதலாம். பிறருக்குச் செய்தற்குத் தகாததை அவருக்கும் செய்தல் தகாது என்பது அவர் வாதம். இருபது வயதில் நிறம் விரும்பி வெயிலிற் கிடப்பவர் ஒருவர். ஐம்பது வயதில் மருத்துவரின் மேசைமீது கிடப்பவர் இன்னொருவர். முன்னவர் இன்பத்தை எடுத்துக்கொள்கிறார். பின்னவர் விலையைக் கொடுக்கிறார். பின்னவரிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. பார்பிற்றின் ஆள்நிலைக் கோட்பாட்டை முழுமையாக ஏற்காதோரும் இவ்வநீதியை மறுத்தல் அரிது.

அறிந்தும் நாம் இதனை ஏன் செய்கின்றோம்? புரொத்தாகோரசு என்னும் உரையாடலிற் பிளேற்றோ இதற்கு ஒரு விடை தருகிறார். அண்மையிலுள்ள பொருள் பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் கண்ணுக்குத் தோன்றுவதுபோலவே இன்ப துன்பங்களும் மனத்துக்குத் தோன்றுகின்றன. அவற்றைச் சரியாக அளக்கும் கலையே வாழ்வைக் காக்கும் என்பது அங்குச் சோக்கிரதீசு கூறும் விடை. வெயிலின் இதம் இந்த நொடியில் தோளின்மேல் இருக்கிறது. நோயோ முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் ஒரு நிகழ்தகவாக மட்டும் இருக்கிறது. வள்ளுவரும் பொச்சாவாமை என்னும் அதிகாரத்தை அரசியலிலே தனியே வகுத்து, உவகை மிகுதியாற் பிறக்கும் சோர்வு, சினத்தினும் கொடியது எனக் கொண்டார். துன்பத்தில் இருப்பவன் விழிப்பாக இருப்பான். விடுமுறையில் இருப்பவனே மறப்பான்.

இங்கு எதிர்வாதி ஒருவர் எழுந்து, ‘வாழ்வு என்பது நீளம் மட்டுமா? மலையேறுவோன் இடரை ஏற்கவில்லையா? ஆறு மாத இருளின் பின் வடநாட்டவன் ஒருவன் கோடையின் முதல் வெயிலில் உடல் விரித்துக் கிடக்கும் மகிழ்ச்சியை நீர் எந்தத் தராசில் நிறுப்பீர்?’ என்று கேட்கலாம். இக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. வெயில் உயிர்களின் ஊற்று. என்புகளுக்கு வேண்டிய உயிர்ச்சத்து டீயைத் தோல் வெயிலிலிருந்தே ஆக்கிக்கொள்கிறது. ஒளி மனத்துக்கும் மருந்து. வெயிலை அஞ்சி அறையிற் பதுங்குவது நல்வாழ்வாகாது. ஆனால் மலையேறுவோனின் இடர் மலையேற்றத்தினின்றும் பிரிக்க முடியாதது. வெயிற்குளிப்போனின் இடரோ பெரும்பாலும் பிரிக்கத்தக்கது. கடலின் குளிர்ச்சி, காற்று, நண்பர் உறவு, ஓய்வு ஆகிய யாவும் காலையிலும் மாலையிலும், நிழலிலும், மேற்சட்டை அணிந்த நிலையிலும் கிடைக்கின்றன. நடுப்பகலில் வெற்றுடம்போடு கிடந்தாலன்றிக் கிடைக்காதது நிறம் ஒன்றுதான். நிறமோ நுகர்வோனுக்கு இன்பம் தருவதன்று. ஊர் திரும்பியபின் பிறர் கண்ணுக்குக் காட்டுதற்கு உரியது. பிறர் பார்வைக்காக வாங்கப்படும் ஒன்றுக்குத் தன் தோலையே விலையாகக் கொடுக்கும்போது, ‘இஃது என் சொந்த விருப்பம்’ என்னும் கூற்றும் சற்று நலிவடைகிறது.

இந்நலிவைச் செயற்கை வெயில் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கழியூதா விளக்குகள் பொருத்திய படுக்கைகளிற் கட்டணம் செலுத்திக் கிடந்து நிறம் பெறும் நிலையங்கள் மேலை நாடுகளிற் பரவின. இங்கே கடலுமில்லை, காற்றுமில்லை. நிறம் மட்டுமே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009இல் இவ்விளக்குகளைப் புகையிலையோடு ஒத்த முதலாம் வகுப்பில், அஃதாவது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என ஐயமற நிறுவப்பட்டவற்றின் வரிசையிற் சேர்த்தது. முப்பத்தைந்து வயதுக்கு முன் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியோருக்கு மெலனோமா இடர் ஏறத்தாழ 59 வீதம் கூடியிருந்ததாக ஐரோப்பிய ஆய்வுகளை மையப்படுத்திய பகுப்பாய்வொன்று காட்டியது. கழியூதாக் கதிர் பட்ட தோல், அபின் போன்று இயங்கும் ஒரு பொருளைச் சுரப்பதையும், அதற்குப் பழகிய எலிகள் அதனை இழக்கும்போது ஏக்கக் குறிகளைக் காட்டுவதையும் 2014ஆம் ஆண்டு ஆய்வொன்று வெளிப்படுத்தியது. எலிகளிற் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் அவசரமாகும். ஆயினும் நமது விருப்பம் முற்றிலும் நம்முடையதா என்னும் வினாவை அது வலுப்படுத்துகிறது.

மெல்பேர்ண் நகரிற் கிளெயர் ஒலிவர் என்னும் பெண், தான் இத்தகைய நிலையத்துக்குச் சென்றதையும் பின் மெலனோமாவுக்கு ஆளானதையும் 2007இற் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வெளிப்படையாகக் கூறி, இளைஞரை எச்சரித்தார். அவ்வாண்டு செப்ரெம்பரில் அவர் இறந்தபோது அவருக்கு வயது 26. பல்கலைக்கழகத்தில் நம்மோடு அமர்ந்திருக்கத்தக்க வயதது. அவர் குரல் வீண்போகவில்லை. அவுஸ்திரேலிய மாநிலங்கள் முதலிற் கட்டுப்பாடுகளை விதித்தன. 2015 தொடக்கத்திற் பெரும்பாலான மாநிலங்கள் வணிக நோக்கிலான இந்நிலையங்களை முற்றாகத் தடைசெய்தன. பிரேசில் 2009இலேயே இத்தடையை விதித்திருந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் தடைவிதித்தது. மில்லின் கோட்பாட்டோடு இத்தடைகள் முரண்படுகின்றனவா? என் கருத்தில், முழுமையாக முரண்படவில்லை. தன் தோலைத் தானே வெயிலிற் காய்ப்பவன் தன்னைச் சார்ந்த செயலைச் செய்கிறான். பிறர் தோலைக் காய்ச்சி இலாபம் ஈட்டுபவன் பிறரைச் சார்ந்த செயலைச் செய்கிறான். சிறுவரின் நிலை மேலும் தெளிவானது; அவர்களைத் தம் சுதந்திரக் கோட்பாட்டுக்கு மில்லே புறநடையாக்கியுள்ளார்.

விற்பனை பற்றிப் பேசும்போது நமது நாட்டையும் விலக்கிவிட முடியாது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நமது கரைகளில் நடுப்பகல் வெயில், உலக சுகாதார நிறுவனத்தின் கழியூதாச் சுட்டெண்ணிற் பதினொன்றைத் தாண்டுவதுண்டு. அச்சுட்டெண்ணின் மிக உச்ச வகுப்பு அது. வெயிலை விளம்பரப் படங்களில் விற்கும் நாடு, அவ்வெயிலின் தன்மையை விருந்தினருக்குச் சொல்லும் கடப்பாடும் உடையது. கரையில் நிழலமைத்தலும் எச்சரிக்கைப் பலகை நடுதலும் விருந்தோம்பலின் பகுதியே.

இத்துணைக்குப் பின்னும் ஒரு தவறுக்கு நாம் இடங்கொடுத்தலாகாது. நோயுற்றவரை நோக்கி, ‘நீர் வெயிலிற் கிடந்தீர், ஆகவே இது உமக்கு வந்தது’ எனத் தீர்ப்புரைப்பதே அத்தவறு. நிகழ்தகவு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. தனி ஒருவரின் நோய்க்குக் காரணம் இதுவே என அறுதியிட்டுக் கூற அதற்கு இயலாது. வெயிலோடு தொடர்பற்ற மெலனோமாவும் உண்டு. புகழ்பெற்ற யமேக்கப் பாடகர் பொப் மார்லி 1981இல் இறந்தது கால்விரலில் தோன்றிய மெலனோமாவினாலாகும். கருந்தோலருக்கு மெலனோமா அரிதெனினும், அது வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் கீழும் தோன்றுவது மிகுதி. நமக்கு இல்லை என்னும் எண்ணத்தாற் காலந்தாழ்த்திக் காண்பதும் மிகுதி. எனவே அறப்பொறுப்பு என்பது எதிர்நோக்கியது. நடந்ததைக் கிளறி நோயாளியின் துன்பத்தோடு வெட்கத்தையும் சேர்ப்பதற்கு அதனைக் கருவியாக்கலாகாது. நாளைய செயலுக்கு மட்டுமே அது வழிகாட்ட வேண்டும்.

நாளைய செயல் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்னும் ஊரில் 1992இற் தொடங்கிய பரிசோதனை ஒன்று இதற்கு விடை தருகிறது. 1621 பேர் இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் வெயிற்காப்புக் களிம்பைப் பூசுமாறு கேட்கப்பட்டனர். மற்றைப் பிரிவினர் தமக்கு விருப்பமானபோது விருப்பமானவாறு பூசும்படி விடப்பட்டனர். நாலரை ஆண்டுகள் இது நடைபெற்றது. அதன்பின் பத்தாண்டுகள் அவர்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். நாள்தோறும் பூசியோருள் 11 பேருக்கும், விருப்பம்போற் பூசியோருள் 22 பேருக்கும் புதிதாக மெலனோமா காணப்பட்டது. எண்கள் சிறியனவே, ஆயினும் அவை உணர்த்தும் பாடம் பெரியது. விருப்பம்போல, எப்போதாவது தம்மைக் காத்துக்கொண்டோர் போதிய காப்பைப் பெறவில்லை. ‘எப்போதாவது’ தீமையைச் சிறிதாக்கவில்லை. நன்மையையோ அது சிறிதாக்கிவிட்டது.

நற்பண்பு ஒருமுறை செய்யும் நற்செயலன்று, பழக்கத்தால் வேரூன்றும் நிலையே என அரிஸ்ரோட்டில் கூறியதன் உண்மையை நான் இங்குக் காண்கின்றேன். 1981இல் அவுஸ்திரேலியாவிற் தொடங்கிய பிரசாரம், சட்டையை மாட்டுக, களிம்பைப் பூசுக, தொப்பியை அணிக என்னும் மூன்று எளிய கட்டளைகளை விளையாட்டுப் பாட்டாகச் சிறுவரின் வாயில் ஏற்றியது. ஒவ்வொரு பகலும் மெய்யியல் விசாரணை நடத்திவிட்டுக் கடற்கரைக்குச் செல்ல எவராலும் இயலாது. விசாரணையின் முடிவைப் பழக்கமாக்கிக் கொள்வதே மனிதனால் இயல்வது. அவ்வாறு பழகிய சமூகம் தன் பிள்ளைகளை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆசையோடு போராடவிடுவதில்லை.

ஆதலின், நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை இதுவாகும். ஒரு செயல் அரிதாக நிகழ்கிறது என்பது அதன் தீமையைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை. தீமை எவ்வாறு விளைகிறது, எவர் மீது விளைகிறது, எப்போது விளைகிறது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே ‘எப்போதாவது’ என்னும் சொல்லை உச்சரிக்க நமக்கு உரிமை பிறக்கும். வெயில் இதற்கு ஓர் உதாரணம் மட்டுமே. எப்போதாவது சினந்து அடிக்கும் தந்தையும், எப்போதாவது கையூட்டு வாங்கும் அலுவலரும், எப்போதாவது அநீதியைக் கண்டு வாய்மூடும் அறிஞரும் இதே சொல்லின் நிழலிலேயே ஒதுங்கி நிற்கின்றனர். அடிபட்ட பிள்ளை அந்த ஒரு நாளையே வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கிறது. தோலும் அவ்வாறே. நாம் மறந்துவிட்ட பகல்களை அது மறப்பதில்லை.

சூரியனை வணங்கும் மரபில் வந்தவர் நாம். வணங்குதற்குரியது எதுவோ அதனிடத்து அன்போடு அச்சமும் அளவும் வேண்டும். வெயிலை வெறுக்கவும் வேண்டா. அதன் முன் விழிப்பிழந்து கிடக்கவும் வேண்டா. வருங்காலத்தில் நம் பெயரோடும் நம் தோலோடும் வாழப்போகும் அந்த முதியவருக்கு, இன்று நாம் செய்யும் ஒவ்வொரு சிறு செயலுக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டுள்ளோம். அவர் முன் நின்று ‘எப்போதாவதுதானே செய்தேன்’ என்று சொல்ல நம்மால் இயலுமா என்பதே ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.